பந்தின் போக்கை வைத்து பேஸ்பால் பிட்ச்சைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு பேஸ்பால் முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். பிட்சர் எறிகிறார், பேட்டர் மட்டையைச் சுழற்றுகிறார், பந்து படவில்லை. வர்ணனையாளர் மட்டும் துள்ளிக் குதிக்கிறார். அவர் எதற்குத் துள்ளுகிறார் என்று பிடிபட்டுவிட்டால் அதே மூன்று மணி நேரம் ஓடுவதே தெரியாது. ஸ்ட்ரைக், பால், அவுட் அளவுக்கு விதிகள் தெரிந்து, பிட்ச் வகைகளில், அதாவது பிட்சர் எறியும் பந்து வகைகளில், மட்டும் குழம்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம்.

எனக்கு எல்லாப் பந்தும் ஒரே மாதிரி தெரிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பெயர்களை மனப்பாடம் செய்வதை முதலில் நிறுத்துங்கள். பெரும்பாலான பட்டியல்கள் பந்தை எப்படிப் பிடிப்பது, எந்த விரல் எந்தத் தையலில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுக்கும். எறிகிறவருக்கு அது வேண்டும். பார்க்கிற நமக்கு விரல் தெரியவே தெரியாது. நமக்குத் தெரிவது மூன்றுதான். இந்தப் பிட்சரின் மிக வேகமான பந்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு மெதுவானது? எந்தப் பக்கம் நகர்ந்தது? எவ்வளவு விழுந்தது?

இதில் வேகம்தான் முதல் துப்பு, அதுவும் திரையின் மூலையிலேயே வந்துவிடுகிறது. முதல் இன்னிங்ஸில் ஒருவர் மணிக்கு 95, 96 மைல் என்று எறிந்தால் அது அவருடைய ஃபாஸ்ட்பால். அதே ஆள் 91 எறிந்தால் கட்டராக இருக்கலாம் (இந்தப் பெயர்களுக்கெல்லாம் விளக்கம் கீழே வரும்). 86 என்றால் ஸ்லைடர், சேஞ்ச்அப், ஸ்ப்ளிட்டர் மூன்றில் ஒன்று. 78 என்றால் கர்வ்பால் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், பெரும்பாலும் சரியாக இருக்கும். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் வித்தியாசத்தைப் பாருங்கள். ஒருவரின் ஃபாஸ்ட்பாலே 90 என்றால் மற்றவையும் அதற்கேற்ப இறங்கும். இன்னொருவரின் ஸ்லைடரே 92 வரை போகும், ஜேக்கப் டிக்ராமுடையது அப்படித்தான்.

வலது, இடது என்று சொல்லும்போது யாருடைய வலது?

இதில்தான் புதியவர்கள் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். வலது இடதை மறந்துவிட்டு, பிட்சரின் உடலை வைத்துப் பேசினால் சுலபம். எறியும் கை இருக்கும் பக்கம் ‘கைப்பக்கம்’. கிளவுஸ் மாட்டிய கை இருக்கும் பக்கம் ‘கிளவுஸ் பக்கம்’. கீழே முழுக்க இப்படியே சொல்கிறேன். வலது கை பிட்சர் என்றால் டிவியில் பார்க்கும்போது கைப்பக்கம் திரையின் வலது, கிளவுஸ் பக்கம் திரையின் இடது. இடது கை பிட்சருக்கு அப்படியே மாறிவிடும்.

சிங்கரும் சேஞ்ச்அப்பும் கைப்பக்கம் போகும். கட்டர், ஸ்லைடர், ஸ்வீப்பர் மூன்றும் கிளவுஸ் பக்கம் போகும். இந்த ஒரே பிரிவினையை வைத்தே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

டிவியில் நேரான பந்துகூட சாய்ந்து வருவது போலத் தெரிகிறதே?

கேமராதான் காரணம். சென்டர் ஃபீல்டில் வைக்கும் கேமராவை பிட்சருக்கு நேர் பின்னால் வைத்தால் அவர் முதுகே பேட்டரை மறைத்துவிடும். அதனால் லெஃப்ட் ஃபீல்ட் பக்கமாகச் சற்றுத் தள்ளி வைக்கிறார்கள். திரையில் பிட்சர் இடது பக்கம், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர் வலது பக்கம் என்று தெரிவது இதனால்தான். நேராகப் போகும் பந்துகூட இடமிருந்து வலமாக நகர்வது போல இருக்கும். ஆகவே பந்து கையை விட்டபோது எந்தக் கோட்டில் போனது, அந்தக் கோட்டை விட்டு எப்போது விலகியது என்று பாருங்கள். ஒட்டுமொத்தமாக எங்கிருந்து எங்கே வந்தது என்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

கேட்ச்சரின் கிளவுஸும் உதவும். பந்து வருமுன் கிளவுஸை எங்கே காட்டினார், கடைசியில் எங்கே பிடித்தார் என்று கவனியுங்கள். ஆனால் பிட்சர் குறி தவறினாலும் கிளவுஸ் நகரத்தான் செய்யும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

தரையில் படாமலே பந்து எப்படித் திரும்புகிறது?

கிரிக்கெட்டிலும் இது உண்டு, நாம் அதிகம் பேசுவதில்லை, அவ்வளவுதான். ஆஃப் ஸ்பின்னரின் பந்து தரையைத் தொடும் முன்பே காற்றில் ஸ்லிப் பக்கமாக நகரும் டிரிஃப்ட், டாப் ஸ்பின் போட்டால் எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே பொத்தென்று விழும் டிப், இரண்டுக்கும் மேக்னஸ் விளைவுதான் காரணம். சுழலும் பந்து காற்றை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. காற்று பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. பந்தின் முன்முகம் எந்தத் திசையில் சுழல்கிறதோ அந்தத் திசையில் பந்து விலகும். இவ்வளவுதான் சூத்திரம்.

பேஸ்பாலில் பந்து தரையில் படுவதே இல்லை என்பதால் பிட்சரின் வித்தை முழுவதும் காற்றில்தான். பந்தில் 108 இரட்டைத் தையல்கள் சற்றுப் புடைத்து நிற்கும். கிரிக்கெட் பந்தைப் போல ஒரே வளையமாக இல்லாமல் குதிரை லாட வடிவில் வளைந்து வளைந்து பந்து முழுக்கச் சுற்றிவரும். அதனால் எந்தக் கோணத்தில் சுழன்றாலும் காற்றைப் பிடித்துக்கொள்ள தையல் ஏதாவது கிடைத்துவிடும்.

தூரத்தையும் நேரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிட்சர் நிற்கும் மேடான மவுண்டில் உள்ள ரப்பர் பட்டையிலிருந்து பேட்டர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். 1893 முதல் இந்த அளவுதான். பிட்சர் எட்டி வைத்து எறிவதால் பந்து உண்மையில் பறப்பது 55 அடிக்குக் கொஞ்சம் குறைவாகவே. 95 மைல் பந்து, அதாவது மணிக்கு 153 கிலோமீட்டர், அதை ஏறத்தாழ 0.4 வினாடியில் கடந்துவிடும். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். இத்தனை குறைந்த நேரத்தில் அரை அடி விலகினாலே மட்டையின் நடுவில் பட வேண்டியது நுனியில் படும்.

ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பால் மேலே எழும்புகிறது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. ஆனால் அப்படித் தெரிவது பொய்யும் இல்லை.

ஃபோர்-சீம் என்கிற வழக்கமான ஃபாஸ்ட்பாலில் பந்து பின்னோக்கிச் சுழலும். நிமிடத்துக்கு 2300 சுற்று என்பது சராசரியான அளவு. வழியில் சுமார் 15 முறை சுழன்றுவிட்டுத்தான் கிளவுஸில் விழும். இந்தப் பின்சுழல் பந்தைத் தூக்கிப் பிடிக்கிறது. சுழலே இல்லாத பந்து 0.4 வினாடியில் புவியீர்ப்பால் இரண்டரை அடிபோல விழும். பின்சுழல் அதில் ஒன்றேகால் அடியை மீட்டுக்கொடுக்கிறது. பந்து விழத்தான் செய்கிறது, ஆனால் கண் எதிர்பார்த்த அளவுக்கு விழுவதில்லை. பேட்டரின் மூளை ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்து ஒரு சராசரி வீழ்ச்சியைப் பழகி வைத்திருக்கிறது. அதைவிட நாலு அங்குலம் குறைவாக விழுந்தால் அவருக்குப் பந்து எழும்பியது போலவே இருக்கும், மட்டை பந்துக்குக் கீழே போய்விடும்.

அடையாளம் காண: வேகம் அதிகம், பாதை கிட்டத்தட்ட நேர், பேட்டர் தவறவிட்டால் மட்டை பந்துக்குக் கீழே. ஸ்ட்ரைக் ஸோனின் மேல் விளிம்பில் ஒருவர் திரும்பத் திரும்ப மட்டையைச் சுழற்றித் தவறவிடுகிறார் என்றால் அநேகமாக நல்ல ஃபோர்-சீம். ஜஸ்டின் வெர்லாண்டர் தன் நல்ல காலத்தில் இதை வைத்தே பிழைத்தார் என்று சொன்னால் தப்பில்லை. வெறும் வேகத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் அரோல்டிஸ் சாப்மன். 2010 செப்டம்பரில் சான் டியேகோவில் அவர் எறிந்த 105.8 மைல் பந்துதான் மேஜர் லீக்கில் (வட அமெரிக்காவின் உச்ச லீக்) பதிவானதிலேயே மிக வேகமானது.

சிங்கரும் டூ-சீமும் ஒன்றா?

பார்வையாளருக்கு ஒன்றுதான். வேகம் ஃபோர்-சீமை விட ஒன்றிரண்டு மைல் குறைவு, பந்து கைப்பக்கமாக ஓடிக்கொண்டே இறங்கும். பேட்டர் அடித்தாலும் பந்தின் தலையில்தான் அடிபடும், அது தரையோடு உருளும். இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் உள்வட்ட ஃபீல்டர்களான ஷார்ட்ஸ்டாப்புக்கும் செகண்ட் பேஸுக்கும் வேலை வந்துகொண்டே இருந்தால் பிட்சர் சிங்கர் ஆசாமி என்று முடிவு கட்டலாம்.

கிரெக் மேடக்ஸ் இதை இன்னொரு விதமாகப் பயன்படுத்தினார். இடது கை பேட்டரின் இடுப்பை நோக்கி எறிவார். பேட்டர் அடிபட்டுவிடுமோ என்று பின்வாங்குவார். பந்து கைப்பக்கமாக வளைந்து பிளேட்டின் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகும், நடுவர் ஸ்ட்ரைக் என்பார். பழைய காணொளிகளில் தேடிப் பாருங்கள். 88, 89 மைல் வேகம்தான், இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை.

கட்டர் என்பது ஃபாஸ்ட்பாலா, ஸ்லைடரா?

இரண்டுக்கும் நடுவில். ஃபாஸ்ட்பால் வேகத்தில் வந்து, கடைசியில் கிளவுஸ் பக்கம் சில அங்குலம் மட்டும் விலகும். பெரிய வளைவு கிடையாது, அதனாலேயே திரையில் கண்டுபிடிப்பது கடினம். விளைவை வைத்துக் கண்டுபிடியுங்கள். வலது கை பிட்சர் இடது கை பேட்டருக்கு எறியும்போது மட்டையின் கழுத்தில் பட்டு மட்டை உடைந்தால் முதல் சந்தேகம் கட்டர் மேல் வரட்டும்.

மரியானோ ரிவேரா பல வருடங்கள் ஏறத்தாழ இந்த ஒரே பந்தை வைத்து நியூயார்க் யாங்கீஸுக்கு ஆட்டங்களை முடித்துக்கொடுத்தார். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுத்தால் கிடைக்கும் சேவ் கணக்கில் 652. என்ன வரப்போகிறது என்று அரங்கத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும், மட்டையோடு நிற்பவருக்கும் தெரியும், அப்போதும் அடிக்க முடியவில்லை. 2019ல் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் ஒரு வாக்குகூடத் தவறாமல் தேர்வான முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

ஸ்லைடரையும் கர்வ்பாலையும் எப்படிப் பிரிப்பது?

அதிகம் வரும் கேள்வி இது. கையை விட்டதும் பந்து முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். கர்வ்பால் முதலில் சற்று மேலே கிளம்பும், ஒரு திமில் போல. பிறகு வளைந்து விழும். ஸ்லைடரில் அந்தத் திமில் இருக்காது. ஃபாஸ்ட்பால் போலவே நேராகக் கிளம்பி பிறகு கிளவுஸ் பக்கமாகக் கீழே நழுவும்.

காரணம் சுழலில் இருக்கிறது. கர்வ்பாலில் டாப் ஸ்பின். புவியீர்ப்பு இழுக்கிறது, சுழலும் சேர்ந்து இழுக்கிறது. போதாததற்கு வேகமும் குறைவு என்பதால் விழுவதற்கு நேரமும் அதிகம். மொத்தமாக 4, 5 அடி விழுகிற பந்தை பிளேட்டுக்கு மேலே கொண்டுவர வேண்டுமானால் கொஞ்சம் மேல்நோக்கி எறிந்துதான் ஆக வேண்டும். கடிகாரத்தில் 12 மணியிலிருந்து 6 மணிக்கு விழுவது போல நேர் கீழே விழுந்தால் பன்னிரண்டு-ஆறு கர்வ் என்பார்கள். கிளேட்டன் கெர்ஷாவின் கர்வ்பால் அந்த ரகமாக இருந்தது, 73, 74 மைலில் வந்து விழும். ஃபாஸ்ட்பாலுக்குத் தயாராக நின்ற பேட்டரின் முழங்கால் அப்படியே மடங்குவதைப் பார்க்கலாம்.

ஸ்லைடரின் சுழலில் பெரும்பகுதி துப்பாக்கிக் குண்டின் சுழல் போன்றது. பயண திசையே அச்சு. அந்தச் சுழலால் பந்து பக்கவாட்டில் பெரிதாக நகராது. மீதியுள்ள கொஞ்சம் பக்கச் சுழல்தான் அதை நகர்த்துகிறது. ஆனால் பின்சுழல் இல்லாததால் தூக்கிப்பிடிக்க எதுவும் இல்லை. ஃபாஸ்ட்பாலை எதிர்பார்த்தவருக்கு அது திடீரென்று கீழே போனது போல இருக்கும்.

மெதுவாக ஓட்டிக்காட்டும் காட்சிகளில் இன்னொரு அடையாளம் உண்டு. ஸ்லைடரில் தையல்கள் அச்சைச் சுற்றிச் சுழல்வதால் பந்தின் முகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். பல பேட்டர்கள் அந்தப் புள்ளியைத்தான் தேடுவதாகச் சொல்வார்கள். 0.4 வினாடியில் அதை எப்படிப் பார்க்கிறார்களோ, எனக்கு இன்னும் வியப்புதான்.

இரண்டுக்கும் நடுவில் விழுகிற பந்துகள்?

ஸ்லர்வ் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்வீப்பர் புதிதாகக் கண்டுபிடித்த பந்தா?

பந்து பழையது, பெயர்தான் புதிது. கீழே அதிகம் விழாமல் கிளவுஸ் பக்கம் ஒன்றரை அடிவரை அகலமாக வீசிக்கொண்டு போகும் ஸ்லைடரை முன்பும் பலர் எறிந்திருக்கிறார்கள். 2023ல் மேஜர் லீக்கில் பந்தை அளந்து வகைப்படுத்தும் ஸ்டேட்காஸ்ட் கணக்கில் அதற்குத் தனி இடம் கொடுத்தார்கள், அதிலிருந்து எல்லோர் வாயிலும் ஸ்வீப்பர்தான்.

அதே வருடம் மார்ச் 21 அன்று மயாமியில் நடந்த, நாடுகள் மோதும் வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் இறுதி ஆட்டமும் இந்தப் பெயரைப் பரப்பியது. ஜப்பான் 3-2 என்று முன்னிலை, இரண்டு அவுட், மவுண்டில் ஷோஹெய் ஒஹ்தானி, எதிரில் அப்போது ஏஞ்சல்ஸ் அணியில் அவருடைய தோழராக இருந்த, அமெரிக்காவின் மைக் ட்ரவுட். 100 மைல் தாண்டிய ஃபாஸ்ட்பால்களாகக் காட்டிவிட்டு, மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக் என்ற நிலையில் ஒஹ்தானி ஸ்வீப்பரை எறிந்தார். ட்ரவுட் மட்டையைச் சுழற்றினார், பந்து அவரை விட்டு வெளியே ஓடிவிட்டது. ஸ்வீப்பர் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஒரு பந்தைக் காட்டினால் போதும்.

“கடைசி நொடியில் திரும்பியது” என்கிறார்கள். பந்து அப்படி நடுவில் முடிவெடுத்துத் திரும்புமா?

திரும்பாது. சுழலால் வரும் விசை கையை விட்ட கணத்திலிருந்து கிளவுஸ் வரை கிட்டத்தட்ட ஒரே அளவில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் விலகும் தூரம் நேரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 16 அங்குலம் விலகும் பந்து பாதி நேரத்தில் 4 அங்குலம்தான் விலகியிருக்கும். மீதி 12 அங்குலம் இரண்டாவது பாதியில். பேட்டர் சுழற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியது முதல் பாதி முடிகிற சமயத்தில். அதாவது நாலில் மூன்று பங்கு திருப்பம் அவர் முடிவெடுத்த பிறகுதான் நடக்கிறது.

இதனால்தான் நல்ல பிட்சர்கள் வேறு வேறு பந்துகளை முதல் பாதியில் ஒரே பாதையில் அனுப்பப் பாடுபடுகிறார்கள். இதற்கு டனலிங் என்று பெயர். ஒரே சுரங்கத்துக்குள் நுழைந்த இரண்டு பந்துகளில் ஒன்று மேலேயே நிற்கும், இன்னொன்று கீழே விழும். ஆறு அங்குலம் மட்டுமே திரும்பும் ஸ்லைடர் ஃபாஸ்ட்பாலோடு கலந்து வந்தால், தனியாக வரும் ஒரு அடி ஸ்லைடரை விட ஆபத்தானது. பெரிய வளைவைப் பார்த்து வாயைப் பிளப்பது நம் வேலை. சின்ன வளைவைப் பார்த்துப் பயப்படுவது பேட்டர் வேலை.

சேஞ்ச்அப்பில் அப்படி என்ன இருக்கிறது? மெதுவான பந்துதானே?

மெதுவான பந்துதான், ஆனால் கை மெதுவாக வராது. ஃபாஸ்ட்பாலின் அதே ஓட்டம், அதே கை வேகம், அதே முகபாவம். பந்தை உள்ளங்கைக்குள் அமுக்கிப் பிடிப்பதால் வேகம் மட்டும் 8, 10 மைல் குறையும். பேட்டர் முன்கூட்டியே சுழற்றிவிட்டு நிலைகுலைந்து நிற்பார். இதைத் தேடுங்கள்: மட்டை முழுக்கச் சுற்றி முடிந்த பிறகு பந்து பிளேட்டைத் தாண்டுகிறதா? சேஞ்ச்அப்.

போக்கு சிங்கர் போலத்தான், கைப்பக்கமாக ஓடி இறங்கும். அதனால் வலது கை பிட்சர்கள் இதை இடது கை பேட்டர்களுக்கே அதிகம் எறிவார்கள், பந்து அவர்களை விட்டு விலகிப் போகும் என்பதால். பெட்ரோ மார்ட்டினெஸ், யோஹான் சந்தானா இருவரும் இதில் மன்னர்கள். டெவின் வில்லியம்ஸின் சேஞ்ச்அப் மட்டும் விதிவிலக்கு. மற்றவர்கள் சுழலைக் குறைப்பார்கள், அவர் கூட்டுவார். அது கைப்பக்கமாக ஒரு ஸ்வீப்பர் போலத் திரும்பும். முதல் தடவை பார்க்கிறவர்கள் இடது கைக்காரர் எறிந்த ஸ்லைடரோ என்று நினைப்பார்கள்.

ஸ்ப்ளிட்டர்?

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அகல விரித்து நடுவில் பந்தைச் செருகி எறிவது. சுழல் வெகுவாகக் குறைந்துவிடும், நிமிடத்துக்கு 1300, 1400 சுற்று அளவில். தூக்கிப்பிடிக்கும் விசை குறைவு என்பதால் பிளேட்டுக்கு அருகில் மேசை விளிம்பிலிருந்து உருண்டு விழுவது போல விழும். சேஞ்ச்அப்போடு குழம்பினால், பக்கவாட்டு நகர்வு குறைவாகவும் வீழ்ச்சி அதிகமாகவும் இருந்தால் ஸ்ப்ளிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்ச்சர் முழங்காலில் விழுந்து தரையோடு பந்தைத் தடுப்பதும் நல்ல அடையாளம்.

ஜப்பான்காரர்களுக்கு இது சொந்தப் பந்து மாதிரி. 1995ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்த ஹிடெயோ நோமோ இதன் அண்ணனான ஃபோர்க்பாலை வைத்து அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். கோடாய் செங்காவின் ஃபோர்க்பாலுக்கு ‘பேய்’ என்று பட்டப்பெயர், பேட்டர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறதாம்.

டொராண்டோ நம்மவர்களுக்கு வெளியே தேட வேண்டிய அவசியமே இல்லை. உள்ளூர் அணியான ப்ளூ ஜேஸின் கெவின் காஸ்மன் ஃபோர்-சீம், ஸ்ப்ளிட்டர் இரண்டையும் வைத்தே பெரும்பாலும் ஓட்டுகிறவர். 2025 உலகத் தொடரின் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) ஐந்தாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸுக்கு எதிராக 12 ஸ்ட்ரைக்அவுட் எடுத்த ட்ரே யெசாவெஜும் ஸ்ப்ளிட்டர்காரர். உலகத் தொடரில் புதுமுகம் ஒருவர் ஒரே ஆட்டத்தில் எடுத்த அதிகபட்சம் அது. அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் ஸ்ப்ளிட்டர் பாடம் முடிந்தது.

நக்கிள்பால் இன்னும் இருக்கிறதா?

அரிதாகிவிட்டது. சுழலே இல்லாமல் எறிவதுதான் இதன் சூட்சுமம். வழி முழுக்க ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் சுற்றக் கூடாது. தையல்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து காற்று ஒரு கணம் இப்படியும் மறு கணம் அப்படியும் தள்ளும். எங்கே போகும் என்று பேட்டருக்கும் தெரியாது, கேட்ச்சருக்கும் தெரியாது, எறிந்தவருக்கும் தெரியாது. கேட்ச்சர் வழக்கத்தை விடப் பெரிய கிளவுஸோடு வந்து உட்கார்ந்தால் அதுவே அறிவிப்பு.

டிம் வேக்ஃபீல்ட் பாஸ்டனில் 60 மைல் சொச்ச வேகத்தில் எறிந்தே வருடக்கணக்காக ஆடினார். ஆர்.ஏ. டிக்கி இன்னும் வேகமாக, 77 மைல் அளவில் எறிந்தார். 2012ல் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், நக்கிள்பால்காரர்களில் அதை வாங்கிய முதல் ஆள். அவரும் அடுத்த வருடமே டொராண்டோவுக்கு வந்து சேர்ந்தார். அடையாளம் காண எந்தத் திறமையும் வேண்டாம், பந்தின் தையலைச் சாதாரண வேகத்திலேயே எண்ணிவிடலாம் போல இருக்கும்.

ஸ்க்ரூபால்?

கர்வ்பாலைக் கைப்பக்கமாகத் திருப்பினால் ஸ்க்ரூபால். 1981ல் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா இதை வைத்து ஒரே பருவத்தில் சை யங் விருதையும் சிறந்த புதுமுகம் விருதையும் சேர்த்து வாங்கினார். இன்று எறிகிறவர்கள் கிட்டத்தட்ட இல்லை.

கிரிக்கெட்டின் ஸ்விங் மாதிரி இங்கே எதுவும் இல்லையா?

இருக்கிறது, அதை ஒழுங்காகப் புரிந்துகொண்டது சமீபத்தில்தான். கிரிக்கெட் ஸ்விங்கில் முக்கியமானது சுழல் அல்ல, தையல் காற்றைச் சந்திக்கும் கோணம். ஒரு பக்கக் காற்று பந்தின் மேல் நீண்ட நேரம் ஒட்டிக்கொண்டு போகும், மறுபக்கக் காற்று சீக்கிரம் பிரிந்துவிடும். அந்த ஏற்றத்தாழ்வு பந்தைத் தள்ளும். பேஸ்பால் பந்து இவ்வளவு வேகமாகச் சுழலும்போது தையலின் தாக்கம் எல்லாப் பக்கமும் சமமாகிவிடும் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். சில அச்சுகளில் சுழலும்போது தையல் ஒரே இடத்திலேயே திரும்பத் திரும்ப வந்து காற்றைப் பிரிக்கிறது என்று யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஸ்மித்தும் அவருடைய மாணவர்களும் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். சீம்-ஷிஃப்டட் வேக் என்று அதற்குப் பெயர். சில சிங்கர்களும் சேஞ்ச்அப்களும் சுழல் கணக்குச் சொல்வதை விட அதிகமாக நகர்வது இதனால்தான்.

கீழிருந்து எறிகிறவர்களுக்கும் இதே விதிகளா?

இயற்பியல் அதேதான், திசைகள் குழம்பும். தரையை உரசுவது போலக் கையைக் கொண்டுவரும் டைலர் ராஜர்ஸைப் பாருங்கள். கை தலைகீழாக வருவதால் அவருடைய ஃபாஸ்ட்பால் 83 மைலில் வந்து கீழே விழும், ஸ்லைடரோ எழும்புவது போல மிதக்கும். இந்த மாதிரி ஆட்கள் வந்தால் மேலே சொன்னதை எல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ரசியுங்கள்.

ஒரே பந்தை வர்ணனையாளர் ஸ்லைடர் என்கிறார், திரையில் கட்டர் என்று வருகிறது. யார் சொல்வது சரி?

பெரும்பாலும் இருவருமே. 2015 முதல் மேஜர் லீக் அரங்குகள் எல்லாவற்றிலும் ஸ்டேட்காஸ்ட் இருக்கிறது. 2020 முதல் அதற்குக் கண்ணாக இருப்பது ஹாக்-ஐ, கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ பார்த்துப் பழகிய அதே ஹாக்-ஐதான். அது வேகம், சுழல், விலகல் ஆகியவற்றை அளந்து ஒரு பெயரை ஒட்டுகிறது. பிட்சர் தன் பந்துக்கு வேறு பெயர் வைத்திருக்கலாம். பால் ஸ்கீன்ஸ் எறிவது ஸ்ப்ளிட்டரா சிங்கரா என்று அடித்துக்கொண்டு கடைசியில் ‘ஸ்ப்ளிங்கர்’ என்று சமாதானமானார்கள். நிறங்களைப் போல, பச்சை எங்கே முடிந்து நீலம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. வேகத்தையும் திசையையும் சரியாகச் சொல்லிவிட்டால் நீங்கள் தோற்கவில்லை.

நேரில் போனால் எந்த இருக்கையிலிருந்து நன்றாகத் தெரியும்?

ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் பக்கவாட்டுத் திருப்பம் அருமையாகத் தெரியும், டிக்கெட் விலையும் அதற்கேற்ப இருக்கும். முதல் பேஸ், மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கைகளில் திருப்பம் தெரியாது, ஆனால் வேக வித்தியாசமும் வீழ்ச்சியும் டிவியை விட நன்றாகத் தெரியும். அங்கே உட்கார்ந்தால் கர்வ்பால், சேஞ்ச்அப் இரண்டையும் பிடித்துவிடலாம், கட்டரை மறந்துவிடுங்கள். அவுட்ஃபீல்டில் பைனாகுலரோடு உட்கார்ந்து கேட்ச்சரின் விரல் சைகையைப் பார்க்கலாம் என்ற பழைய ஆசையும் இப்போது பலிக்காது. 2022ல் பிட்ச்காம் என்ற கருவி வந்த பிறகு பெரும்பாலும் பொத்தானை அழுத்திப் பேசிக்கொள்கிறார்கள்.

வீட்டிலிருந்தே பழக ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரே ஒரு பிட்சரைத் தேர்ந்தெடுங்கள். அவர் எத்தனை வகை எறிகிறார் என்று பேஸ்பால் சாவன்ட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மூன்று நான்கு வகை எறிகிறவராக இருந்தால் நல்லது, ஏழு எட்டு வகை வைத்திருக்கும் யூ டார்விஷ் மாதிரி ஆட்களை இப்போதைக்குத் தொட வேண்டாம். பந்து கிளவுஸில் விழுந்ததும், வேகம் திரையில் வருமுன், பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் எண்ணைப் பாருங்கள். முதலில் ஃபாஸ்ட்பாலா இல்லையா என்பதை மட்டும் சரியாகச் சொல்லிப் பழகுங்கள். அது பிடிபட்டதும் எந்தப் பக்கம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டர் கடைசியில் வரட்டும்.